மூடியில் 98, பங்க்கில் 91: என் காருக்கு எந்தப் பெட்ரோல்?

மதுரையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் 47 வயது வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதமும் கூடவே சில படங்களும் அனுப்பியிருக்கிறார். காரின் பெயரை இங்கே போடவில்லை. அந்த மாடல், அந்த நிறத்தில், மதுரையில் எத்தனை ஓடப்போகிறது? பெயரைச் சொன்னால் கீழமாசி வீதியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கடிதத்தின் சாரம் இது. எட்டு மாதத்துக்கு முன் வெளியூரில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில், 2016-ல் பதிவான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை 28 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். விற்றவர்கள் ஒரு வருட வாரன்டி எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரிங் ரோட்டில் ஒரு சுற்று, எப்போதாவது கொடைக்கானல். மற்ற நாளெல்லாம் கார் கவர் போட்டு ஷெட்டில் நிற்கிறது. மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வாங்கியதிலிருந்து நார்மல் பெட்ரோல்தான். போன மே மாதம் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது வண்டி உதறியது, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்ததும் சரியாகிவிட்டது. ஷோரூமுக்குப் போன் செய்தால், "நீங்க நார்மல் பெட்ரோல் போட்டிருக்கீங்க, வாரன்டி செல்லாது" என்கிறார்கள்.

வீட்டிலும் கடையிலும் ஆளுக்கொரு பேச்சு. "பெட்ரோல்னா பெட்ரோல்தான், பிரீமியத்துக்கு எட்டு ரூபாய் கூடக் கொடுக்கிறவன் ஏமாளி" என்பது அண்ணன். "பவர் பெட்ரோல் சூடா எரியும், வால்வு போயிரும்" என்பது தெப்பக்குளம் பக்கத்து மெக்கானிக். மகன் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, "அங்க பிரீமியம் பெட்ரோலோட ஆக்டேன் நம்பரே 91தான்ப்பா, நம்ம நார்மலும் 91. அப்ப நாம போடுறதே பிரீமியம்தான்" என்கிறான். மைத்துனர் மகன் சென்னையில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருகிறான். அவனிடம் சொல்லி 100 ஆக்டேன் பெட்ரோலை இரண்டு கேனில் வாங்கி வரச் சொல்லலாமா என்பது வாசகரின் யோசனை. நார்மலா, 95-ஆ, 100-ஆ? வாரன்டியை விட்டுவிட வேண்டியதுதானா? இவைதான் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். பெட்ரோல் மூடியின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானோர் அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். உங்கள் ஸ்டிக்கரில் 98 என்றும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 95 என்றும், ஆர்ஓஎன் என்றும் இருக்கிறது (ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு முறையின் பெயர் அது). கீழே சின்ன எழுத்தில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. உங்கள் கேள்வியில் முக்கால்வாசிக்கு விடை அந்த இரண்டு வரியில்தான்.

98 என்பது இன்ஜினின் முழுச் சக்தியும் கிடைக்க அவர்கள் பரிந்துரைக்கும் எண். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 95 அதற்கு மாற்று என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் கீழே போனாலும் கொஞ்சம் பிக்கப் குறையும், அவ்வளவுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு. 95 என்பது அடிமட்டம். 95-ல் சக்தி லேசாகக் குறையலாம், இன்ஜினுக்கு ஆபத்தில்லை என்பது அதன் பொருள். 91-க்கு அந்த ஸ்டிக்கரில் இடமே இல்லை.

ஆக்டேன் என்றால் சக்தி என்று நினைப்பவர்கள் நிறைய. அது நெருக்கத்தைத் தாங்கும் திறன், அவ்வளவே. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும் அங்கிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் நெருக்குண்டு கிடக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் பிஸ்டன்மேல் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். அதைத் தாங்குவது எவ்வளவு என்பதை அளக்கும் அளவுகோலில் ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. டர்போ வைத்த இன்ஜின் காற்றைத் திணித்து அடைப்பதால் நெருக்கம் கூடுதல், அதனால் கேட்கும் எண்ணும் கூடுதல். நம் ஊர் மே மாத வெயிலில் உள்ளே போகும் காற்றே கொதித்துக் கொண்டுதான் போகிறது, அது நாக்கிங்கை இன்னும் தூண்டும்.

அப்படியானால் எட்டு மாதம் 91 போட்டும் இன்ஜின் ஏன் உடையவில்லை? உங்கள் அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. தட்டல் ஆரம்பித்தவுடன் அந்த அதிர்வை உணர்ந்து இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்குச் சொல்லும். இசியூ உடனே பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும், டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். உங்கள் காதுக்கு எதுவும் கேட்காது, வண்டியும் ஓடும். ஆனால் 28 லட்சம் கொடுத்து வாங்கிய இழுவையில் ஒரு பங்கு அங்கே போய்விடும். பொறி தாமதமாக விழுவதால் புகைக்குழாய்ப் பக்கம் சூடு ஏறும், டர்போவும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். சென்சார் கடைசிப் பாதுகாப்புக்கு வைத்தது. தினமும் அதன் தயவில் ஓட்டுவதற்கு அல்ல.

மகன் பார்த்த 91 வேறு

தம்பி கணக்கில் கெட்டிதான், அளவுகோலைத்தான் கவனிக்கவில்லை. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று ஆர்ஓஎன். இன்னொன்று எம்ஓஎன், அதில் கூடுதல் சூடு, கூடுதல் வேகம், அதனால் எண் குறைவாக வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பங்க்கில் எழுதுவது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரியை எழுதுகிறார்கள். அதே பெட்ரோலுக்கு அவர்கள் எண் நம்முடையதைவிட நாலைந்து புள்ளி குறைவாகத் தெரியும். அங்கே 91 என்று இருப்பது நம் கணக்கில் 95, 96-க்குச் சமம். நம் 91 அங்கே போனால் சாதாரண ரகமான 87 ஆகிவிடும். அதனால் உங்கள் காரைப் பற்றிய அமெரிக்க வீடியோவில் '91 போடு' என்று சொன்னால், நம் ஊரில் '95 போடு' என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெக்கானிக் சொன்ன வால்வு கதைக்கும் ஆதாரமில்லை. ஆக்டேன் எண்ணுக்கும் பெட்ரோல் எவ்வளவு சூடாக எரிகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 91 போதும் என்று வடிவமைத்த சாதாரண காரில் 100 ஊற்றினால் கெடுதல் இல்லை, லாபமும் இல்லை, காசுதான் போகும். அவரை இதற்காக மாற்ற வேண்டாம். ஆனால் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் வசதி அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நார்மலிலேயே 95 இருக்கிறதாமே?

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஷோரூம்காரரோடு பேசும்போது இந்தப் பேச்சு வரும், அதனால் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நார்மல் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று இருந்தது. அப்புறம் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை போயிற்று. எத்தனாலின் ஆக்டேன் 100-க்கு மேல். அதனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 95-ஐத் தொடுகிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. வேதியியல்படி அதில் தவறில்லை. எத்தனால் ஆவியாகும்போது நிறையச் சூட்டை இழுத்துக்கொள்வதால், டர்போ இன்ஜினின் நாக்கிங்கை அடக்க அது உதவவே செய்யும்.

இருந்தாலும் என் யோசனை, பங்க் எந்திரத்தில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் பங்க்கில் 91 என்றுதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் 95 இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? 95 என்று எழுதி விற்பதற்கு எண்ணெய் நிறுவனம் பொறுப்பு. கையில் பில்லும் இருக்கும். நார்மல் எந்திரத்திலேயே 95 என்று எழுதியிருக்கும் பங்க் கிடைத்தால் ஊருக்குள் ஓட்ட அதுவே போதும்.

பிரீமியத்தில் சேர்க்கும் 'இன்ஜினைச் சுத்தம் செய்யும்' மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுடையது சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின். இன்ஜெக்டர் முனையில் படியும் கரியை அந்த மருந்து குறைக்கும். இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரியை அதனால் தொடவே முடியாது, ஏனென்றால் அந்த வழியாகப் பெட்ரோலே போவதில்லை. விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு எப்படி வருகிறது

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மாதம் 400 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிறது. 50 லிட்டர். நார்மலுக்கும் 95-க்கும் எட்டு ரூபாய் வித்தியாசம் என்றால் மாதம் 400 ரூபாய், வருடத்துக்கு 4,800. இந்தக் காருக்கு நாலு ஸ்பார்க் பிளக்கும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒன்றும் மாற்றிய பில்லை ஒருமுறை பார்த்தால் உங்கள் அண்ணனும் எட்டு ரூபாயைப் பற்றிப் பேச மாட்டார். 95-க்கு மறுபேச்சே வேண்டாம், இன்றிலிருந்து போடுங்கள்.

100 ஆக்டேன் லிட்டருக்கு அறுபது ரூபாய் கூடுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. உங்கள் இன்ஜின் 98-க்கு டியூன் செய்தது என்பதால் 100 போட்டால் முழு இழுவையும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கடைசிப் பங்கு இழுவை, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தும்போதுதான் தெரியும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது 95-க்கும் 100-க்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆளாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். உங்களுக்கு 100-ஆல் வேறொரு உபயோகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூரில், ராத்திரி நேரத்தில், 95 கிடைக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உசிலம்பட்டியில் மாட்டிக்கொண்டால் நார்மல் பத்து லிட்டர் போட்டு மதுரை வாருங்கள். வந்து 95 ஊற்றினால் இரண்டும் கலந்து நடுவில் ஓர் எண்ணில் நிற்கும். அதுவரை ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், டர்போ முழு அழுத்தத்துக்குப் போகாமல் ஓட்டினால் போதும். மலையில் ஒரு விஷயம் கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் கியரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டால், அது பெட்ரோலை மிச்சப்படுத்த நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வைத்து இழுக்கப் பார்க்கும். சின்ன டர்போ இன்ஜின்களுக்கு அதைவிடக் கெட்ட நிலைமை கிடையாது. மேனுவல் மோடில் இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து 3,000 பக்கம் சுற்ற விடுங்கள். சத்தம் வந்தால் வரட்டும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். '30 பாயின்ட் ஏறும்' என்று போட்டிருந்தால் மூன்று ஆக்டேன் என்று அர்த்தம், பத்துப் பாயின்ட்தான் ஒரு எண். மாங்கனீசும் இரும்பும் சேர்ந்த பாட்டில்கள் பிளக்கில் செம்பழுப்பாகப் படிந்து சென்சாரையும் கெடுக்கும்.

கேனில் கொண்டுவருவது பற்றி

தயவுசெய்து மைத்துனர் மகனிடம் அப்படி ஒரு வேலையைச் சொல்லாதீர்கள். பெட்ரோல் கடுங்குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகும் சரக்கு. பிளாஸ்டிக் கேனில், காருக்குள், 450 கிலோமீட்டர், அதுவும் வெயிலில். மூடி லேசாகக் கசிந்தாலே போதும். ரயிலில் கொண்டுவந்தால் ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் காரின் நிஜப் பிரச்சினை

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஆக்டேனைவிட ஷெட்தான் உறுத்தியது. நீங்கள் கேட்டதெல்லாம் எண்ணைப் பற்றி. ஆனால் ஸ்டிக்கரின் இரண்டாவது வரி, எத்தனால் 10 சதவீதம். இன்று நார்மலிலும் சரி, பிரீமியம் 95-லும் சரி, 20 சதவீதம் கலந்துதான் வருகிறது. பிரீமியம் போட்டால் எத்தனாலிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தண்ணீரை இழுக்கும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தினமும் ஓடி, வாரம் ஒருமுறை டேங்க் காலியாகும் வண்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு, அதுவும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், விஷயம்தான். ஈரம் ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்து நிற்கும். இரண்டு பக்கமும் அடி.

இதோடு மே மாதம் நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். ஆக்டேன் குறைவாக இருந்து நாக்கிங் வந்தால், இசியூ அடக்கி வாசிக்கும், வண்டி மந்தமாகும். பொதுவாக அதற்காக உதறாது, விளக்கு விட்டுவிட்டு எரியாது. உதறலும் விட்டுவிட்டு எரியும் விளக்கும் சேர்ந்து வந்தால் அது மிஸ்ஃபயர். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. பிளக், காயில், இன்ஜெக்டர், அல்லது பெட்ரோலில் தண்ணீர், இந்த நாலில் ஒன்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆறவிட்டதும் சரியானது என்றால், சூடேறினால் கைவிடும் காயில்மேல் எனக்குக் கூடுதல் சந்தேகம். அன்று நீங்கள் வண்டியை நிறுத்தியது நல்ல காரியம். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வந்து சேரலாம், விட்டுவிட்டு எரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய்ப் பற்றிக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஸ்கேனர் போட்டு, இசியூவில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகளை அழிக்காமல் பிரின்ட் எடுங்கள். பி0300-லிருந்து பி0304 வரை ஏதாவது இருந்தால் மிஸ்ஃபயர், கடைசி எண் 1 முதல் 4 வரை இருந்தால் அது எந்த சிலிண்டர் என்று சொல்லும். பி0325 வந்தால் நாக் சென்சார் பக்கம். அப்புறம் நாலு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். வெள்ளைப் பீங்கான் லேசான காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகளோ, வெளிச்சத்தில் மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது, பிஸ்டன் அரித்திருக்கிறது என்று பொருள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். புள்ளி எதுவும் இல்லையென்றால் ஷோரூம்காரர் சொல்லும் காரணம் ரொம்பவே பலவீனமாகிவிடும்.

டேங்க்கில் இருப்பது பழைய பெட்ரோல் என்றால் அதை இறக்கிவிட்டு 95 போடுங்கள். விற்பனை அதிகமுள்ள பங்க்காகப் பாருங்கள். சின்ன ஊர் பங்க்குகளில் பிரீமியம் டேங்க் பல நாள் அப்படியே கிடக்கும், புது நார்மலைவிடப் பழைய பிரீமியம் மோசமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுப்பது அவர்கள் கடமை. நாசிலில் இருந்து ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியானால் நல்ல பெட்ரோல். அன்றைய அடர்த்தியையும் பார்க்கலாம். லாரியில் வந்த சரக்கின் அடர்த்திக்கும் எந்திரத்தில் வருவதற்கும் கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாரம் ஒருமுறையாவது இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை, அதாவது வாடிப்பட்டி வரை போய்த் திரும்பும் அளவுக்கு ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதால் பிரயோசனம் இல்லை. சர்வீஸ் விடும்போது பெட்ரோல் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், 2016 வண்டி 20 சதவீதத்துக்குச் செய்ததல்ல. இங்கேதான் அந்த 100 ஆக்டேன் உதவும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100-ல் எத்தனால் கிடையாது. மாதக்கணக்கில் வெளியூர் போவதாக இருந்து, விற்கும் பங்க் பக்கமாகக் காரையே ஓட்டிப்போக வாய்ப்பும் இருந்தால், டேங்க்கை அதனால் நிறைத்து நிறுத்துங்கள். அந்த ஒரு டேங்க்குக்குக் கொடுக்கும் காசு தண்டமல்ல.

வாரன்டி செல்லாதா?

போனில் சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான் இன்ஜின்காரன், வக்கீல் அல்ல. ஆனாலும் இந்த மாதிரிச் சண்டைகளில் தொழில்நுட்ப அறிக்கை கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். வாரன்டித் தாளை எடுத்து எரிபொருளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் அவர்கள் வாதம் காற்றில் நிற்கிறது. 'தயாரிப்பாளர் சொன்ன பெட்ரோல்தான் போட வேண்டும்' என்று இருந்தால், உங்கள் பக்கம் ஒரு ஓட்டை இருப்பதை மறைத்துப் பயனில்லை. ஸ்டிக்கரில் 95 இருக்க நீங்கள் 91 போட்டிருக்கிறீர்கள். அப்போதும், பழுது அந்தப் பெட்ரோலால்தான் வந்தது என்று காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காயில் சூடேறிக் கைவிட்டதற்கு ஆக்டேன் காரணமாகாது.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இமெயில் அனுப்புங்கள், தேதி போடுங்கள், ஸ்கேனர் பிரின்ட்டையும் பிளக் படங்களையும் இணையுங்கள். எந்தப் பாகம், எந்தக் காரணத்தால், வாரன்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களை அவர்களிடமே விட்டு வராதீர்கள். இனிமேல் பெட்ரோல் பில்லில் ரகத்தின் பெயர் வருகிறதா பார்த்து வாங்கி, செல்லில் படம் எடுத்து வையுங்கள், தெர்மல் தாளில் எழுத்து மறைந்துவிடும்.

பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் வாங்கியது வெளியூரானாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும், உங்களுடையது 28. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கார் உங்கள் பெயரில் இருக்கிறதா, கடையின் பெயரில் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. கடைப் பெயரில் இருந்தால் 'வியாபார உபயோகம்' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். கம்பெனி பெயரில் வாங்கியிருந்தாலும் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கான கார் வியாபார உபயோகம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது, அதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வாரன்டி முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதனால் ஸ்கேனர் வேலையை இந்த வாரமே முடியுங்கள். பிரின்ட்டையும் பிளக் படங்களையும் எனக்கும் அனுப்புங்கள். ஷோரூம்காரரிடம் போவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.